செங்கல் ஏற்றிய சீஸ்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கிக்குக் குடிவந்த முதல் வருடம், காகிதமும் அலுமினியத் தாளும் சுற்றிய பிரிக் சீஸ் கட்டி ஒன்றை வாங்கிவந்து சமையலறை மேடையில் பிரித்தேன். ஆரஞ்சு நிறத் தோல் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. கூடவே, மழையில் நனைந்த காலுறையின் வாடை. கெட்டுவிட்டது என்று குப்பையில் போட்டேன்.

எதிர்வீட்டுப் பாட்டி ஜெர்மன் வம்சாவளி. விஷயம் தெரிந்ததும் பதறிப்போனார். "நல்ல பிரிக்கைப் போய் யாராவது எறிவார்களா, பெண்ணே?" மறுநாள் ஒரு தட்டோடு வந்தார். கறுத்த ரை ரொட்டி, கடுகு விழுது, வட்டமாக நறுக்கிய பச்சை வெங்காயம், நடுவில் பிரிக். மூக்கு பயந்த அளவுக்கு நாக்கு பயப்படவில்லை. வெண்ணெயின் வழுவழுப்பு, லேசான இனிப்பு, பிறகு மெல்ல ஏறும் ஒரு காட்டம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான்.

இந்தச் சீஸைக் கண்டுபிடித்த ஜான் ஜோசி சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். சிறுவனாக அமெரிக்கா வந்து, லிம்பர்கர் சீஸ் செய்யும் இடங்களில் தொழில் பழகினார். லிம்பர்கரில் ஈரம் அதிகம், வாடையும் உக்கிரம். அந்த ஈரத்தைக் குறைத்து, கத்திக்கு நிற்கிற கட்டியாக 1877இல் விஸ்கான்சினில் அவர் செய்ததுதான் பிரிக். தண்ணீர் வடியப் பாரம் வைத்தது செங்கல். கட்டியின் உருவமும் செங்கல். ஆங்கிலத்தில் செங்கல் என்றால் பிரிக்; வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

மில்வாக்கிக்கு வடமேற்கே தெரேசா என்ற சிற்றூர். அங்கே ஜான் விட்மர் 1922இல் ஆரம்பித்த சீஸ் ஆலையில், பேரன் ஜோ விட்மர் காலத்திலும் தாத்தாவின் அதே செங்கற்களைத்தான் பயன்படுத்தினார்கள். திரிந்த பாலைக் கையாலேயே அச்சுகளில் அள்ளிப் போடுகிறார்கள். தெளிநீர் வடிய வடியத் திருப்பிப் போட்டு, மேலே செங்கலை ஏற்றுகிறார்கள். செங்கலை எடுத்துவிட்டு இயந்திரத்தில் அழுத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே சீரான அந்தச் சிறு பாரம்தான் உள்ளே ஈரத்தை அளவாக நிறுத்துகிறது. ஈரம் போனால் சுவையும் போச்சு.

அதன்பின் உப்புத் தண்ணீர்க் குளியல். பிறகு வெதுவெதுப்பான, ஈரம் கசியும் அறையில் பலகைமேல் அடுக்கி, பிரெவிபாக்டீரியம் லினன்ஸ் என்ற நுண்ணுயிர் கலந்த உப்பு நீரால் கட்டிகளை நாள்தோறும் துடைத்துத் திருப்புகிறார்கள். தோலுக்கு ஆரஞ்சு நிறம் தருவது அந்த நுண்ணுயிர்தான். அதற்கு நெருங்கிய உறவுக்கார நுண்ணுயிர்கள் நம் பாதத்தோலிலும் வாழ்கின்றன. என் மூக்கு அன்று சொன்னது பொய்யில்லை, நான்தான் தவறாகப் புரிந்துகொண்டேன்.

பெரிய கடைகளில் பிரிக் என்ற பெயரில் விற்கும் பலவற்றில் இந்தத் துடைப்பு வேலையே கிடையாது. தோல் இல்லை, வாடை இல்லை, குணமும் இல்லை. அதை வாங்காதீர்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிரிக்குக்குச் சமையலிலும் மவுசு உண்டு: டெட்ராய்ட் பாணி பீட்சாவுக்குப் பிரிக்கைத்தான் தேடுகிறார்கள். நீலத் தகட்டுத் தட்டின் ஓரத்தில் உருகிக் கருகி மொறுமொறுவென்று நிற்கும் அந்தக் கரை அதனால் வருவது.

சீஸ் செய்பவர் உரிமம் வாங்கியே தீரவேண்டும் என்று சட்டம் வைத்திருக்கும் ஒரே அமெரிக்க மாநிலம் விஸ்கான்சின். இந்தக் கட்டியைக் கையில் எடுக்கும்போது அந்தக் கண்டிப்பு நியாயமாகவே படுகிறது.

பாட்டி இப்போது இல்லை. என் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு கட்டிகள் இருக்கின்றன. புதியது மகனுக்கு. நான்கு மாதமாகக் கிடந்து தோல் சிவந்தது எனக்கு, வெங்காயத்தோடு.