வெட்கம் நீக்கிய விசுவாசம்

நாணம் மனிதனுக்கு அணிகலன் என்பது தமிழர் நெடுங்காலமாகப் போற்றிவரும் கொள்கை. திருவள்ளுவர் நாணுடைமை என்றே ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். தகாத செயலைச் செய்யக் கூசிப் பின்வாங்கும் உள்ளத்தின் பண்பையே அவர் அங்கு நாணம் என்று பேசுகின்றார். அந்த நாணம் மனிதனைக் காக்கின்றது. ஆனால் வெட்கம் என்ற பெயரோடு உலகில் உலவுவது வேறொன்றும் உண்டு. தீங்கு எதுவும் செய்யாதவன்மீது மற்றவர்கள் ஏற்றிவைக்கும் சுமை அது. நோயினால் உருக்குலைந்தவனும், வறுமையினால் ஒதுக்கப்பட்டவனும், பழிச்சொல்லுக்கு ஆளானவனும் பிறர் முகத்தை ஏறிட்டு நோக்க இயலாது ஒடுங்குவது இச்சுமையினாலேயாம். முன்னைய வெட்கம் செய்த செயலைப் பற்றியது. அதற்கு மனமாற்றமும் மன்னிப்பும் மருந்தாகும். பின்னையது ஆளையே பற்றிக்கொள்வது. அதற்கு மருந்து யாது?

இவ்வினாவுக்கு விடை காண உதவும் வரலாறு ஒன்று பசிபிக் மாகடலின் நடுவேயுள்ள ஹவாய்த் தீவுகளில் நிகழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அங்கே தொழுநோய் பரவிற்று. நோய்க்குக் காரணமும் தெரியவில்லை, மருந்தும் இல்லை. அச்சத்தினால் உந்தப்பட்ட அரசு, ஐந்தாம் கமேகமேகா மன்னரின் ஆட்சியில், 1865 ஆம் ஆண்டு ஒரு சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின்படி தொழுநோய் கண்டவர்கள் குடும்பத்தினின்றும் பிரிக்கப்பட்டு, மொலொக்காய்த் தீவின் வடகரையிலுள்ள ஒரு தீபகற்பத்துக்கு அனுப்பப்பட்டனர். மூன்று பக்கம் கடல். நான்காவது பக்கம் செங்குத்தாக எழுந்து நிற்கும் பெருமலைச் சுவர். சிறைக்கு வேறு மதில் வேண்டியிருக்கவில்லை. 1866 ஆம் ஆண்டு ஜனவரி 6 ஆந் திகதி முதன்முதலாகப் பன்னிரண்டு பேர் அங்கே கரை இறக்கப்பட்டனர். ஹவாய் மக்கள் தம் மொழியில் இந்நோய்க்குப் பிரித்துவைக்கும் நோய் என்று பொருள்படும் பெயரொன்றை வழங்கினர். உடலைத் தாக்கிய நோயினும் உறவை அறுத்த சட்டமே அவர்களை மிகுதியாக வாட்டியது என்பதற்கு அப்பெயரே சான்று.

நோயாளரைப் பிரித்துவைத்தல் ஹவாய்க்கு மட்டும் உரிய வழக்கமன்று. இலங்கையிலும் ஒல்லாந்தர் காலத்தில், 1708 ஆம் ஆண்டளவில், கொழும்புக்கு வடக்கேயுள்ள ஹெந்தளையில் தொழுநோயாளருக்கெனத் தனி மருத்துவமனை அமைக்கப்பட்டது. எந்நாட்டிலாயினும் இத்தகைய ஒதுக்கலின் பின்னே ஓர் எண்ணம் மறைந்து நின்றது. நோய் வந்தவன் ஏதோ பாவம் செய்தவனாக இருத்தல் வேண்டும் என்பதே அந்த எண்ணம். இதற்குச் சமயத்தின் பெயரும் துணையாயிற்று என்பதை மறைத்தல் முறையன்று. பழைய ஏற்பாட்டின் தீட்டு விதிகளை எடுத்துக்காட்டி, நோயை ஒழுக்கக்கேட்டின் தண்டனையெனப் போதித்த குருமாரும் இருந்தனர். ஆகவே, நோயாளர் இழந்தவை உடல்நலமும் வீடும் மட்டுமல்ல; கடவுளின் முன் நிற்கும் உரிமையையும் இழந்துவிட்டதாகவே அவர்களுட் பலர் அஞ்சினர்.

இந்நிலையில், வெளியிலிருந்து எவரும் வந்து உதவுவதற்கு முன்னரே, நோயாளர் தாமாக ஒரு செயல் செய்தனர். கலவாவோ என்னும் அக்குடியேற்றத்தில் 1866 ஆம் ஆண்டிலேயே முப்பத்தைந்து பேர் ஒன்றுகூடி ஒரு திருச்சபையை நிறுவினர். அவர்களுள் இருபத்துமூவர் ஆண்கள், பன்னிருவர் பெண்கள். சில ஆண்டுகளின் பின், 1871 இல், அவர்களுக்கென ஒரு சிறு தேவாலயமும் எழுந்தது. அச்சபைக்கு அவர்கள் வைத்த பெயர் சிலோவாமா என்பது. இப்பெயரைச் சற்று ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

யோவான் எழுதிய சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவிக்குருடன் ஒருவனைப் பற்றிய வரலாறு உள்ளது. அவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவத்தினால், அவனுடையதா, பெற்றோருடையதா என்று சீடர் இயேசுநாதரை வினவினர். இருவர் செய்த பாவமும் அன்று என்பதே அவர் அளித்த மறுமொழி. அதன் பின்னர் அவர் அவனைக் கழுவிவரும்படி அனுப்பிய இடம் சீலோவாம் குளம். அவன் சென்று கழுவினான், பார்வை பெற்றான். எல்லாராலும் பாவிகள் என்று சுட்டப்பட்ட முப்பத்தைந்து பேர், வேதாகமத்திலுள்ள எத்தனையோ பெயர்களுள் இந்தக் குளத்தின் பெயரைத் தேர்ந்துகொண்டனர். தங்கள் நோய் தங்கள் பாவத்தின் கூலியன்று என்பதை அவர்கள் ஆலய வாயிலிலேயே அறிவித்துவிட்டனர் எனலாம்.

விசுவாசம் வெட்கத்தை நீக்கும் முறை இங்கேயே தொடங்குகின்றது. மனிதனின் மதிப்பை நிர்ணயிக்கும் அதிகாரம் ஊராரிடம் உள்ளதென்று எண்ணும் வரையில் அவன் அவர்களுடைய தீர்ப்புக்கு அடிமை. அத்தீர்ப்புக்கு மேலான தீர்ப்பு ஒன்று உண்டென்று நம்பத் தொடங்கும்போது அவன் தலை நிமிர்கின்றது. எனினும் தனியொருவனுடைய உள்ளத்தில் மட்டும் தங்கியிருக்கும் நம்பிக்கை எளிதில் தளர்ந்துவிடும். காலையில் எழுந்த நம்பிக்கையை, பிறர் விலகி நடக்கும் ஒரு காட்சி மாலைக்குள் அழித்துவிடும். ஆதலால் அந்நம்பிக்கைக்குக் கண்ணாற் காணத்தக்க ஓர் உருவம் தேவைப்படுகின்றது. சபை வாழ்க்கையே அவ்வுருவம்.

1873 ஆம் ஆண்டு மே மாதம் 10 ஆந் திகதி, பெல்ஜியம் நாட்டினரான தமியான் அடிகளார் என்ற கத்தோலிக்க குருவானவர் கலவாவோவுக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்துமூன்று. புனித பிலோமினாவின் பெயரால் அங்கே ஒரு சிற்றாலயம் அதற்கு முந்திய ஆண்டில் எழுப்பப்பட்டிருந்தது. அடிகளார் தச்சுவேலை அறிந்தவர். ஆலயத்தை அவர் பெருப்பித்துக் கட்டினார், வீடுகள் அமைத்தார், குழாய் வழியே நல்ல நீர் கொண்டுவர முயன்றார், தாய்தந்தையரற்ற பிள்ளைகளுக்கு இல்லங்கள் ஏற்படுத்தினார். இவை யாவும் பலரும் அறிந்தவை. வெட்கத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இவற்றினும் சிறிய சில செயல்களே கூடுதலான விளக்கந் தருகின்றன.

முதலாவது, நோயாளர் சிலர் எச்சில் மிகுதியாகச் சுரந்து அடிக்கடி உமிழவேண்டிய நிலையில் இருந்தனர். அவர்கள் அந்தக் கூச்சத்தினால் ஆலயத்துள் வராது வெளியே நின்றனர். அடிகளார் ஆலயத்தின் பலகைத் தரையில் துளைகளை வெட்டினார். நோயாளர் இலையைச் சுருட்டி அத்துளையில் வைத்து உமிழலாயினர். வெட்கப்படாதே என்று ஒருவனுக்கு அறிவுரை கூறுவது எளிது. அவன் வெட்கப்படுவதற்குரிய சூழ்நிலையை மாற்றியமைப்பதே பயனுள்ளது. வெளியே நின்றவர்கள் உள்ளே வந்தனர்.

இரண்டாவது, இறந்தோர் அடக்கம். முற்காலத்தில் அங்கு இறந்தவர்களின் உடல்கள் பெட்டியின்றி ஆழமற்ற குழிகளிற் புதைக்கப்பட்டன. வாழும்போது ஒதுக்கப்பட்டவன், தனது சாவும் இவ்விதமே கவனிப்பாரற்று முடியும் என்று நாள்தோறும் கண்டுகொண்டிருந்தான். அடிகளார் தமது கையாலேயே சவப்பெட்டிகள் செய்தார். நோயாளரைக் கொண்டே ஈமச்சடங்குச் சங்கம் ஒன்று அமைந்தது. இறந்தவனைப் பாடலோடும் வாத்தியத்தோடும் ஊர்வலமாக எடுத்துச்சென்று அடக்கஞ்செய்தனர். இன்னொருவனுடைய இறுதி ஊர்வலத்தில் நடந்த ஒவ்வொருவனும், தனக்கும் இத்தகைய மரியாதை காத்திருக்கின்றது என்று உணர்ந்தான்.

மூன்றாவது, இசை. பாடற்குழுவில் குரல் கெட்டவர் விலகும்போது வேறொருவர் அவ்விடத்தை நிரப்பினர். விரல்களை இழந்த இருவர் அருகருகே அமர்ந்து, இருவரிடமும் எஞ்சியிருந்த பத்து விரல்களால் ஆலயத்தின் ஓகனை வாசித்தனர் என்று சொல்லப்படுகின்றது. குறை உடைய கை மறைத்துவைக்கப்படும் பொருளாக இருந்த நிலை மாறி, அனைவர் முன்னிலையிலும் இறைவனைத் துதிக்கும் கருவியாயிற்று.

இவற்றோடு மற்றொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. நோயாளர் உண்ட கலத்திலேயே அடிகளாரும் உண்டார்; அவர்களைத் தொட்டுப் புண்களைக் கட்டினார். பிரசங்கம் செய்யும்போது, சகோதரரே என்று விளிக்காமல், தொழுநோயாளராகிய நாம் என்று தம்மையும் சேர்த்தே பேசுவதாக, 1873 ஆம் ஆண்டில் தமது தமையனாருக்கு அவர் எழுதினார். அப்போது அவருக்கு நோய் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1885 ஆம் ஆண்டில், அச்சொல் முழு உண்மையாயிற்று. 1889 ஆம் ஆண்டு ஏப்பிரல் 15 ஆந் திகதி, நாற்பத்தொன்பதாம் வயதில் அவர் அந்நோயினால் இறந்தார்.

இப்பணி ஒரு சபைக்கோ ஒரு மனிதருக்கோ மட்டும் உரியதன்று. மோர்மன் சபையின் ஹவாய்த் தலைவர்களுள் ஒருவரான யோனதான் நப்பேலா என்பவர், நோய்வாய்ப்பட்ட தம் மனைவியைத் தனியே அனுப்ப மனமின்றி, 1873 ஆம் ஆண்டில் தாமும் உடன்சென்று அங்கேயே வாழ்ந்தார். பின்னர் அவரையும் நோய் பற்றியது. 1879 இல் அங்கேயே காலமானார். கொள்கையால் வேறுபட்ட நப்பேலாவும் தமியான் அடிகளாரும் நண்பராய் வாழ்ந்தனர். 1888 ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த அன்னை மரியான் கோப் தமது சகோதரிகளுடன் கலாவுபாப்பாவுக்கு வந்து, பெண்களுக்கும் சிறுமியருக்குமான இல்லத்தைப் பொறுப்பேற்றார். அவர் அப்பெண்களுக்குத் தையல் கற்பித்தார். அவர்கள் அழகிய உடைகளை அணியவேண்டும் என்பதில் கருத்தாயிருந்தார். சாகப்போகின்றவளுக்கு நல்ல உடை எதற்கு என்று கேட்போருக்கு அதன் பொருள் விளங்காது. கண்ணாடியின் முன் நிற்க அஞ்சியவள் மீண்டும் நிற்கத் துணிவது சிறிய காரியமன்று.

செய்த தவற்றினால் வரும் வெட்கத்துக்கும் அங்கு இடம் கிடைத்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரிற் பணியாற்றிய யோசேப்பு டட்டன் என்பவர், திருமண வாழ்வு சிதைந்து, பல ஆண்டுகள் மதுவுக்கு அடிமையாக இருந்தவர். தம் கடந்தகால வாழ்வுக்குப் பரிகாரம் தேடிய அவர், 1883 இல் கத்தோலிக்க மறையைத் தழுவி, 1886 இல் மொலொக்காய்க்கு வந்தார். அவருக்கு நோய் இல்லை, ஊதியமும் பெறவில்லை. 1931 ஆம் ஆண்டில் இறக்கும் வரை ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் நோயாளரின் பணியிலேயே கழித்தார். தவறு செய்தவனிடம், நீ ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது பொய்யாகும். உன் தவறே உன் முழு வாழ்வுமன்று என்று கூறுவதே மன்னிப்பு. டட்டனின் வாழ்வு அதற்கு விளக்கம்.

மூன்றாவது வகை வெட்கமும் இவ்வரலாற்றில் வருகின்றது. அடிகளார் இறந்தபின், ஹொனலூலுவிலிருந்த ஹைட் என்னும் புரட்டஸ்தாந்து போதகர், ஒழுக்கக்கேட்டினாலேயே அவருக்கு நோய் வந்தது என்று எழுதிய கடிதம் பத்திரிகையில் வெளியாயிற்று. நோயாளரைத் துன்புறுத்திய அதே பழிச்சொல் அவர்களுக்காக உழைத்தவர்மீதும் விழுந்தது. 1889 ஆம் ஆண்டில் மொலொக்காய்க்கு நேரிற் சென்று பார்த்திருந்த எழுத்தாளர் ரொபேட் லூயிஸ் ஸ்டீவன்சன், மறு ஆண்டு பகிரங்கக் கடிதமொன்றினால் அப்பழிக்குக் கடுமையான மறுப்பு எழுதினார். அவரும் புரட்டஸ்தாந்துக் குடும்பத்திற் பிறந்தவரே. சபைப்பற்றினும் உண்மைப்பற்று பெரிது என்று அவர் கருதினார். 2009 ஆம் ஆண்டில் தமியான் அடிகளாரையும், 2012 ஆம் ஆண்டில் அன்னை மரியானையும் கத்தோலிக்க திருச்சபை புனிதராக அறிவித்தது.

விஞ்ஞானமும் தன் பங்கைச் செய்தது. அடிகளார் கலவாவோவில் இறங்கிய அதே 1873 ஆம் ஆண்டில், நோர்வே நாட்டு மருத்துவர் ஹன்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். பாவத்தின் தண்டனை என்று கருதப்பட்டது, நுணுக்குக்காட்டியிற் காணத்தக்க ஒரு கிருமியின் விளைவே என்பது தெளிவாயிற்று. 1946 ஆம் ஆண்டில் சல்போன் மருந்துகள் கலாவுபாப்பாவை அடைந்தன. கட்டாயப் பிரிப்பு 1969 ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ எண்ணாயிரம் பேர் அத்தீபகற்பத்துக்கு அனுப்பப்பட்டிருந்தனர். விரும்பியவர் வெளியேறலாம் என்றான பின்பும் பலர் அங்கேயே தங்கினர். சிறையாகத் தொடங்கிய இடம் அவர்களுக்குச் சொந்த ஊராகிவிட்டது. அதனால் அவர்களைப் பிரித்த சட்டம் நியாயமாகிவிடாது. பிரிக்கப்பட்டவர்கள் கட்டியெழுப்பிய வாழ்வின் வலிமையே அதனால் தெரியவருகின்றது.

இன்று தொழுநோய் பலமருந்துச் சிகிச்சையினாற் பூரணமாகக் குணமாகின்றது. அம்மருந்துகள் இலவசமாகவே வழங்கப்படுகின்றன. தொடக்கத்திலேயே மருந்து உட்கொண்டால் உறுப்புக்கள் சிதைவதில்லை. எனினும், இலங்கை உட்படப் பல நாடுகளில் ஆண்டுதோறும் புதிய நோயாளர் காணப்படுகின்றனர். உணர்ச்சியற்ற ஒரு வெண்தழும்பை உடையினுள் மறைத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லத் தயங்குவோர் இன்றும் உளர். அவர்களைத் தடுப்பது மருந்தின் குறைபாடன்று. அயலார் அறிந்தால் என்ன நினைப்பார்களோ என்னும் வெட்கமே அவர்களைத் தடுக்கின்றது.

ஆகவே கலவாவோவின் முப்பத்தைந்து பேர் தொடங்கிய பணி இன்னும் முடிந்துவிடவில்லை. வழிபாட்டுக்காகக் கூடும் எந்தச் சபையும், தன் வாயிலுக்கு வெளியே கூச்சத்தோடு நிற்பவர் எவரென்று தேடிப்பார்த்தல் வேண்டும். அவருக்கு ஓர் இருக்கையும், செய்வதற்கு ஒரு பணியும், அழைப்பதற்கு ஒரு பெயரும், இறந்தபின் தோள்கொடுக்க நால்வரும் உண்டென்று காட்டுதல் வேண்டும். கடவுள் ஒருவரை ஏற்றுக்கொண்டார் என்னும் நற்செய்தியை, அருகில் அமர்ந்திருக்கும் மனிதர் தாமும் ஏற்றுக்கொள்ளும்போதே அவர் முழுமையாக நம்புகின்றார்.