ஆம்பளை அழுதா என்ன?

‘உடம்பு இரும்பு மாதிரி இருக்கே, உனக்கு என்னப்பா மனக்கவலை?’ என்று கேட்பவர்கள் நம்மில் அதிகம். அவர்கள் டெர்ரி க்ரூஸ் என்ற அமெரிக்க நடிகரைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. ஆறடிக்கு மேல் உயரம், செதுக்கி வைத்த மாதிரி புஜங்கள். நெஞ்சுத் தசையைத் தாளம் போட வைத்தே ஜனங்களைச் சிரிக்க வைப்பார்! ‘ப்ரூக்ளின் நைன்-நைன்’ டி.வி. தொடரில் 2013 முதல் 2021 வரை போலீஸ் சார்ஜென்ட்டாக நடித்தவர்.

1968-ல் மிஷிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரில் பிறந்தார். அப்பா குடிகாரர், அம்மாவை அடிப்பார். பிள்ளைக்கு ஓவியம் நன்றாக வரும், புல்லாங்குழலும் வாசிப்பார். ஆனால் சோறு போட்டது அமெரிக்கக் கால்பந்து. (நம்மூர் ஃபுட்பால் இல்லை, ஆளோடு ஆள் மோதி உருளுகிற முரட்டு ஆட்டம்.) 1991-ல் தொழில்முறை அணியில் சேர்ந்தார். நிலையான இடம் இல்லை. சக ஆட்டக்காரர்களின் படத்தை வரைந்து விற்றுக் குடும்பச் செலவைச் சமாளித்தார். ஆட்டம் முடிந்ததும் லாஸ் ஏஞ்சல்ஸில் தொழிற்சாலைத் தரையைக் கூட்டும் வேலை. அப்புறம்தான் சினிமா.

2014-ல் ‘மேன்ஹுட்’ என்று ஆண்மை பற்றியே புத்தகம் எழுதினார். 2016-ல், ஆபாசப் படம் பார்க்கும் பழக்கம் தன் கல்யாண வாழ்க்கையையே உடைக்கப் பார்த்தது, சிகிச்சைக்குப் போய்த்தான் மீண்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். 2017-ல் இன்னும் கனமான விஷயம். ஒரு விருந்தில் சினிமாத் துறைப் பெரும்புள்ளி ஒருவர் தன்னிடம் அத்துமீறித் தொட்டதைச் சொன்னார். ‘இவ்வளவு பெரிய ஆளு, ஒரு குத்து விட வேண்டியதுதானே?’ என்று கேலி செய்தவர்களும் உண்டு. 2018-ல் செனட் குழு முன் உட்கார்ந்து சாட்சி சொன்னார். கை நீட்டாமல் இருந்ததை நான் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன்; அப்பாவின் கை என்ன செய்தது என்று பார்த்து வளர்ந்த பிள்ளை அவர்.

நம்ம வீட்டு ஆண்கள்? ‘மனசு சரியில்லை’ என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வருபவர் அபூர்வம். ‘கேஸ் டிரபிள் ஐயா’, ‘நெஞ்சு கனமா இருக்கு’, இல்லையென்றால் தயங்கித் தயங்கி, ‘தெம்புக்கு ஒரு லேகியம் கொடுங்க’. நாடி பார்த்துக்கொண்டே, ‘தூக்கம் எப்படி தம்பி?’ என்று கேட்டால்தான் கதை வரும். மூணு மாசமாகத் தூக்கமில்லை, வீட்டில் எல்லோர் மேலும் எரிச்சல், ராத்திரி ‘கொஞ்சம்’ குடி. ஆண்களின் மனச்சோர்வு அழுகையாக வருவதைவிட இப்படிக் கோபமாகவும் குடியாகவும் வருவது உண்டு. வீட்டுக்காரி, ‘முன்கோபக்காரர்’ என்று விட்டுவிடுவார்.

சித்த மருத்துவம் அடக்கக்கூடாதவை என்று 14 வேகங்களைச் சொல்கிறது. தும்மல், பசி, தூக்கம், மலம், சிறுநீர்... அந்த வரிசையில் கண்ணீரும் இருக்கிறது! ஆணுக்கு விலக்கு என்று எங்கும் சொல்லவில்லை. அடக்கினால் பீனிசம், கண்நோய் வரும் என்பார்கள். அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அழுகையைத் தும்மலோடு சேர்த்து வைத்தார்களே, அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கும். ஐந்து வயசுப் பையனிடம், ‘பொட்டப்புள்ள மாதிரி அழாதே’ என்கிறோமே, அங்கேதான் அடக்க ஆரம்பிக்கிறான்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மனச்சோர்வு லேகியத்தால் தீருகிற விஷயம் இல்லை. தூக்கத்துக்கு அமுக்கரா சூரணம் கொடுப்பது உண்டுதான். தைராய்டு மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாகவே வாங்கிச் சாப்பிடக் கூடாது. மனநல டாக்டர் கொடுத்த மாத்திரையை, ‘நாட்டு மருந்து போதும்’ என்று நிறுத்தவும் கூடாது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, வேலையில் நாட்டம் எல்லாம் குறைந்திருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ‘நான் இருந்து என்ன பிரயோஜனம்’ என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே கூட்டிப் போங்கள், தனியே விடாதீர்கள். அரசின் ‘டெலி மானஸ்’ எண் 14416. காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அவர் பேச மறுத்தால் வீட்டுக்காரியோ அம்மாவோ முதலில் பேசி யோசனை கேட்கலாம்.