தொட்டிலருகே ஓடும் மருந்து

தாராவி, மாட்டுங்கா பகுதித் தமிழர்களுக்குச் சயான் மருத்துவமனை சொந்த ஊர் ஆஸ்பத்திரி மாதிரி. டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989-இல் அங்கே தொடங்கிய தாய்ப்பால் வங்கியை நம்மில் பலர் அறிவோம். ஆனால் இத்தகைய மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவில், தொட்டிலருகே மெல்ல ஓடும் சிரிஞ்சு பம்ப் என்ன செய்கிறது என்று கேட்டால் விழிப்போம்.

மூன்று கிலோ குழந்தையின் உடலில் உள்ள மொத்த இரத்தம் ஏறக்குறைய 240 மில்லி. ஒரு டம்ளருக்குச் சற்று அதிகம். இரத்தத்தில் கிருமி பரவினாலோ, பிறக்கும்போது மூச்சுத் திணறியிருந்தாலோ இதயம் தளர்கிறது, அல்லது இரத்தக்குழாய்கள் தொய்ந்துவிடுகின்றன. இருக்கிற இரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் முதலில் போகிறது. தோலும் சிறுநீரகமும் பட்டினி கிடக்கின்றன. "கால் ஜில்லுனு இருக்கு, மூத்திரமே போகலை" என்று தாய் சொல்வதை யாரும் அலட்சியமாகக் கேட்கக் கூடாது. மருத்துவரும் மார்பை விரலால் அழுத்திவிட்டு, வெளுத்த இடம் மூன்று விநாடிக்குள் சிவக்கிறதா என்றுதான் பார்க்கிறார்.

இரத்தம் இழந்த குழந்தைக்கு முதலில் கிலோவுக்கு 10 மில்லி சலைன், தேவைப்பட்டால் இரத்தம். இதயத்துக்கும் குழாய்களுக்கும் ஊக்கம் வேண்டுமென்றால் டோபமைன், டோபுடமைன், அட்ரினலின் ஆகியவற்றில் ஒன்று. டோபமைன் பெரும்பாலும் கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 முதல் 10 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு! உடலில் சில நிமிடங்களே நிற்பதால் ஒரே ஊசியாகப் போட்டுவிட முடியாது. ஒரு சிரிஞ்சு தீருமுன் அடுத்ததை நர்ஸ் தயாராக வைத்திருக்க வேண்டும். இடையில் நின்றால் அழுத்தம் சரியும். நரம்பை விட்டு வெளியே கசிந்தால் தோலே கருகும். அதனால்தான் பல நேரங்களில் தொப்புள்கொடி வழியாகச் செலுத்துகிறார்கள்.

திரையில் எண் ஏறினால் பெற்றோர் மகிழ்வது இயல்பு. குறைமாதக் குழந்தைகளின் அழுத்தம் குறைந்ததுமே டோபமைன் தருவதா, பொறுத்திருப்பதா என்று ஆராய 830 குழந்தைகளைச் சேர்க்கத் திட்டமிட்ட மேல்நாட்டு ஆய்வு, 58 பேரோடு நின்றுபோனது. 2021-இல் வெளியான அதன் முடிவு கேள்வியைத் தீர்க்கவில்லை. எண்ணை விட, கால் சூடானதா, சிறுநீர் பிரிந்ததா என்று கேட்பதே மேல் என்பது என் கருத்து.

இன்னொரு மருந்தின் கதை வேறு. கருவில் திறந்திருக்கும் ஒரு இரத்தக்குழாய் பிறந்த சில நாட்களில் மூடிக்கொள்ளும். சில இதயக் கோளாறுகளில் உயிரே அதை நம்பியிருக்கும். நன்றாகப் பால் குடித்த குழந்தை இரண்டாம், மூன்றாம் நாளில் திடீரென நீலம் பாரிக்கும், துவளும். புரோஸ்டாகிளாண்டின் ஈ1 அக்குழாயை அறுவைச் சிகிச்சை வரை திறந்து வைக்கிறது. மூச்சை நிறுத்திவிடவும் கூடும் என்பதால் செயற்கைச் சுவாசக் கருவி அருகில் வேண்டும்.

வீட்டில் இப்படி நேர்ந்தால், விடியட்டும் என்று காத்திராமல் கிளம்ப வேண்டும். குளிர் பட்டால் நிலைமை மோசமாகும்; தலைக்குக் குல்லாய் போட்டு, தாயின் மார்போடு தோல் பட அணைத்து, மேலே போர்த்தி எடுத்துச் செல்லுங்கள். பிரசவ ஆஸ்பத்திரி கொடுத்த சீட்டு கையில் இருக்கட்டும். கடைசியாக எப்போது பால் குடித்தது, எப்போது சிறுநீர் கழித்தது என்று அங்கே கேட்பார்கள்.