ஒரு கூடு, இரண்டு உயிர்

கூடு விட்டுக் கூடு பாயும் சித்தர் கதைகளில் உயிர் ஒன்று, உடல் இரண்டு. லினக்ஸில் இதைத் தலைகீழாக்கிய வித்தை ஒன்று உண்டு. உடல் அதே கணினிதான்; உயிர், அதாவது இயங்குதளத்தின் மையநிரலான கெர்னல், மட்டும் மாறும். பழைய கெர்னல் விலக, புதிய கெர்னல் அதே இடத்தில் கண் விழிக்கும். இதன் பெயர் கேஎக்ஸெக். எரிக் பீடர்மன் உருவாக்கிய இது, 2005-இல் லினக்ஸ் 2.6.13-இல் இடம்பிடித்தது.

வழக்கமான ரீபூட்டில் முதலில் எழுவது ஃபர்ம்வேர். ரேமைத் தயார்செய்து, கார்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பி, பிறகுதான் கெர்னலை ஏற்றும் பூட்லோடருக்கு வழிவிடும். லேப்டாப்பில் இதற்குச் சில நொடிகள். நூற்றுக்கணக்கான ஜிபி ரேம் கொண்ட பெரிய சர்வரில் சில நிமிடங்களே ஆகிவிடும். மாறப்போவது கெர்னல் மட்டும் என்றால் இத்தனை சடங்கு எதற்கு? கேஎக்ஸெக் அதைத் தாண்டிப் போகிறது.

பழைய கெர்னலே தன் வாரிசை வட்டிலிருந்து எடுத்து, ரேமில் காலியான பக்கங்களில் பிரித்து வைக்கிறது. சிக்கல் இனிமேல்தான். வாரிசு போய் அமர வேண்டிய இடத்தில் பழையதே உட்கார்ந்திருக்கலாம். தானே இடம் மாற்றப் புகுந்தால், நுனிக்கிளையில் இருந்துகொண்டு அடிக்கிளையை வெட்டிய கதைதான். அதனால் யாரும் அழிக்காத ஓர் ஓரத்தில் சின்னஞ்சிறு நிரல் ஒன்றை வைத்துவிட்டு, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைக்கிறது. அது பக்கங்களை உரிய இடத்தில் அடுக்குகிறது. அடுத்து வரும் நிரல், வந்து சேர்ந்த கெர்னல் சிதையாமல் இருக்கிறதா என்று சரிபார்த்து உள்ளே விடுகிறது. அதற்குப் பொறியாளர்கள் இட்ட பெயர் ‘பர்கேட்டரி’, நம்மூர்க் கத்தோலிக்கர் சொல்லும் உத்தரிக்கும் ஸ்தலம்!

ஆபத்தும் உண்டு. நெட்வொர்க் கார்டு போன்றவை கெர்னலைக் கேட்காமலே ரேமில் நேரடியாக எழுதக்கூடியவை. ஆட்சி மாறியது தெரியாமல் பழைய முகவரியில் எழுதினால், அங்கே இப்போது புதிய கெர்னல் குடியிருக்கலாம். ஆகவே போகிற கெர்னல் எல்லாச் சாதனங்களையும் அடக்கிவிட்டுப் போக வேண்டும். அடங்காத கார்டு ஏதாவது இருந்தால், புதிய கெர்னல் எழும்போதே தடுமாறும்.

கெர்னல் திடீரென்று நிலைகுலைந்தால் அடக்கிவைக்க அவகாசம் ஏது? அதற்காகவே கேடம்ப் என்ற ஏற்பாடு. கணினி எழும்போதே ரேமில் சாதனங்கள் எழுதாத ஒரு பகுதியை ஒதுக்கி, அதில் மாற்றுக் கெர்னலைத் தயாராக வைத்திருப்பார்கள். முதல் கெர்னல் விழுந்ததும் கட்டுப்பாடு நேரே அங்கே தாவும். மாற்றுக் கெர்னல் ஒதுக்கிய எல்லைக்குள்ளேயே எழுந்து, விழுந்ததன் ரேமைக் கலைக்காமல் படித்துச் சேமிக்கும். பதவியேற்றதும் இந்த வாரிசு செய்யும் முதல் வேலை, பிரேதப் பரிசோதனை.