குறும்பரப்பு வலையமைப்பில் பகிர்வு வளங்களைக் கண்டறிதல்

லேன் எனப்படும் குறும்பரப்பு வலையமைப்பில் பிறர் பகிர்ந்துள்ள அச்சுப்பொறி, கோப்புறை முதலியவற்றை ஒரு கணினி தானாகவே அறிந்துகொள்வது 'வளம் கண்டறிதல்' ஆகும். பெரிய அலுவலகங்களில் பெயர்களையும் முகவரிகளையும் ஒரு டிஎன்எஸ் சர்வர் பதிவேடுபோல் வைத்திருக்கும். வீடுகளிலும் சிறு பள்ளிகளிலும் பெரும்பாலும் அத்தகைய சர்வர் இருப்பதில்லை. அங்கே ஒவ்வொரு கருவியும் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ள வேண்டும்.

செயல்படும் முறை

வகுப்பில் ஆசிரியர், "யாரிடம் அட்லஸ் இருக்கிறது?" என்று கேட்டால் அனைவர் காதிலும் விழும், வைத்திருப்பவர் மட்டும் கை தூக்குவார். எம்டிஎன்எஸ் என்னும் நெறிமுறையும் இப்படித்தான். கணினி தன் கேள்வியை 224.0.0.251 என்ற குழு முகவரிக்கு, யூடிபி 5353 ஆம் போர்ட் வழியாக அனுப்புகிறது. அச்சுப்பொறி தன் பெயரையும் ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் விடையாகத் தருகிறது. விடை சிறிது காலம் நினைவில் வைக்கப்படும். எனவே திடீரென மின்சாரம் நின்ற அச்சுப்பொறியின் பெயர் சற்று நேரம் பட்டியலில் தொடர்ந்து தெரியலாம்.

வரலாறு

ஆப்பிள் நிறுவனம் 2002 இல் இம்முறையை மேக் கணினிகளில் அறிமுகப்படுத்தியது. 2005 இல் அதற்குப் 'போன்ஜூர்' எனப் பெயரிட்டது. லினக்சில் இப்பணியை 'அவாகி' செய்கிறது. 2013 இல் இது ஆர்எஃப்சி 6762, 6763 என்னும் ஆவணங்களாக வெளியானது.

விண்டோசின் பழைய முறையில், ஒரு கணினி மற்றவற்றின் பட்டியலைப் பராமரித்தது. இது எஸ்எம்பி 1 நெறிமுறையைச் சார்ந்திருந்தது. 2017 மே மாதம் 'வன்னாகிரை' என்ற பிணைத்தொகைத் தீநிரல் எஸ்எம்பி 1 இன் குறையைப் பயன்படுத்தியே கணினிக்குக் கணினி பரவியது. அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1709 முதல், புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி 1 இயல்பாகச் சேர்க்கப்படுவதில்லை. பழைய கணினிகள் சில 'நெட்வொர்க்' பட்டியலில் தெரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கவனிக்க வேண்டியவை

எம்டிஎன்எஸ் கேள்வி ரௌட்டரைத் தாண்டிச் செல்லாது. ஆகவே விருந்தினருக்கான வைஃபையில் இணைந்த கணினிக்கு, அடுத்த அறை அச்சுப்பொறியும் தெரியாமல் இருக்கலாம்.

விடை சொல்பவர் உண்மையானவரா என்பதை எம்டிஎன்எஸ் சோதிப்பதில்லை. ஒரே வலையமைப்பில் உள்ள எவரும் வேறொரு கருவியின் பெயரில் விடை அளிக்க முடியும். பெயர் தெரிவது வேறு, நம்பத்தக்கது என்பது வேறு. எனவே பகிரும் கோப்புறைக்குக் கடவுச்சொல் இடுங்கள். ரயில் நிலையம், விடுதி போன்ற பொது இடங்களில் விண்டோசில் 'பப்ளிக் நெட்வொர்க்' என்பதையே தேர்ந்தெடுங்கள்; அப்போது உங்கள் கணினி பிறர் பட்டியலில் தோன்றாது.