வெடித்து மூடும் முருங்கன் களி
காலடி மண் – 9

சென்ற வாரம் கொழும்பு மண்ணைப் பார்த்தோம். மருதானையில் எந்தப் பழைய மதில் இடிந்தாலும் உள்ளே தெரிவது கபுக்கல். மழை கழுவிக் கழுவி, கரையக்கூடியதெல்லாம் போய், இரும்பும் அலுமினியமும் மிஞ்சிய மண் அது. அதற்கு நேரெதிரான மண்ணைப் பார்க்க வேண்டுமானால் தலைமன்னார் ரயிலில் ஏற வேண்டும். மதவாச்சி வரை பாதையோரத்தில் உலர் வலயத்தின் செங்கபில மண் வந்துகொண்டே இருக்கும். அங்கே மேற்கே திரும்பும் பாதை செட்டிகுளம், மடு வீதி தாண்டி முருங்கனை நெருங்கும்போது நிலம் தட்டையாகும்; உடை மரமும் முட்புதரும் கூடும்; மண் கறுக்கும். 1914இல் திறந்து, 1990இல் போரால் நின்று, 2015இல் மறுபடி தலைமன்னார் வரை ஓடத் தொடங்கிய பாதை இது. இலங்கையின் கருங்களி நிலம் முக்கியமாக முருங்கனைச் சுற்றியும் துணுக்காய்ப் பக்கமும்தான் இருக்கிறது.

மன்னார்ப் பக்கம் ஆண்டு மழை சுமார் 1,000 மில்லிமீற்றர்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை கொட்டிவிடும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை வெயிலும் காற்றும்தான். நனைவதற்கும் காய்வதற்கும் இடையிலுள்ள இந்தப் பெரிய வித்தியாசத்தில்தான் இந்த மண்ணின் குணம் முழுவதும் தங்கியிருக்கிறது.

ஆவணி வெயிலில் முருங்கனில் வெட்டிய குழி ஒன்றுக்குள் இறங்கிப் பார்த்தேன். மேலே இரண்டு விரற்கடை அளவுக்குக் குறுணி போல உதிரி மண். உழாமலே தானாகப் பொடிந்தது. அதன்கீழ் கை நுழையும் அகலத்தில் வெடிப்புகள் இறங்கின. வெடிப்பு விளிம்பிலிருந்து குறுணி மண் சொரிந்து ஆழத்தில் விழுந்துகொண்டிருந்தது. முழங்கை ஆழத்துக்கும் கீழே இருந்த ஒரு கட்டியை மண்வெட்டிக் கணையால் தட்டினேன். ஆப்பு வடிவில் சரிவாகப் பிளந்தது. பிளந்த முகம் மேசன் கரண்டியால் இழைத்த சீமெந்துத் தரைபோல மினுங்கியது. அதன்மேல் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள். மண்ணோடு மண் உராய்ந்து வழுக்கிய தடம் அது. இன்னும் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கற்கள்.

இத்தனைக்கும் காரணம் ஸ்மெக்ரைற் என்ற களிக் கனிமக் குடும்பம். மொண்மொரிலோனைற் இதில் ஒன்று. இரண்டு சிலிக்காத் தகடுகளுக்கு நடுவே ஓர் அலுமினாத் தகடு. இப்படி மூன்று தகடு சேர்ந்த அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையிலான பிடிப்பு மிகத் தளர்வானது. தண்ணீர் உள்ளே புகுந்ததும் அடுக்குகள் விலகுகின்றன. தண்ணீர் வெளியேறியதும் நெருங்குகின்றன. உள்ளும் புறமும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு கிராம் ஸ்மெக்ரைற்றின் மேற்பரப்பு 700 முதல் 800 சதுர மீற்றர் வரை வரும். கொழும்புக் கபுக்கல்லில் உள்ள கயோலின் களிக்கு இது 10, 20 சதுர மீற்றருக்கு மேல் போவது அரிது. இரண்டுமே களிதான். ஆனால் ஒன்று தண்ணீரைக் கண்டால் பருக்கிறது, மற்றது அசைவதில்லை. கல்சியமும் மக்னீசியமும் கழுவுப்படாமல் தேங்கும் தாழ்நிலம், நீண்ட வறட்சி, இவை இரண்டும் சேர்ந்தால் ஸ்மெக்ரைற் உருவாகி நிலைத்திருக்கும். அருவி ஆற்றுச் சமவெளியில் இரண்டும் உண்டு.

மேல்மண் வெடிப்புக்குள் விழுகிறது, மழை வந்ததும் வெடிப்பு மூடுகிறது, விழுந்த மண் அடியில் இடத்தைப் பிடித்து மற்றதை மேலே தள்ளுகிறது, இப்படி நிலம் தன்னைத் தானே உழுதுகொள்கிறது என்றுதான் நீண்ட காலம் சொல்லி வந்தார்கள். கேட்கச் சுவையான விளக்கம், ஆனால் பாதிதான் சரி. காபன் காலக்கணிப்பு செய்தபோது ஆழம் கூடக் கூட மண்ணின் வயதும் கூடியது. முழுதாகப் புரண்டிருந்தால் மேலும் கீழும் ஒரே வயது காட்டியிருக்க வேண்டும். ஈரமான அடிமண் பருக்கும்போது பக்கவாட்டில் போக இடமில்லாமல் சரிவாக வழுக்குகிறது என்பதே இன்று முன்வைக்கப்படும் விளக்கம். குழியில் கண்ட மினுங்கும் முகங்களே அதற்குச் சாட்சி.

இந்த மண்ணை வகைப்படுத்திய வரலாறு சுவாரசியமானது. முதலில் எல்லோரும் பார்த்தது நிறத்தைத்தான். தமிழ்நாட்டில் கோவில்பட்டிப் பக்கம் கரிசல் என்றார்கள். தக்காணத்தில் ரேகர் என்றார்கள். வெள்ளைக்காரர் அதில் விளைந்ததைப் பார்த்துக் கறுப்புப் பருத்தி மண் என்றார்கள். ஆனால் இந்தக் கருமையில் ஏமாந்துவிடக் கூடாது. உக்கல் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று, இரண்டுதான். அந்தக் கொஞ்ச உக்கல் களியோடு இறுகப் பிணைந்து இவ்வளவு கறுப்பைக் காட்டுகிறது. தழைச்சத்து குறைவு. காரத்தன்மையால் நெல்லுக்குத் துத்தநாகமும் எட்டாமல் போவதுண்டு.

1950களின் தொடக்கத்தில் அமெரிக்க மண்ணியலாளர் ஓக்ஸும் தோர்ப்பும் உலகமெங்கும் இருக்கும் இந்தக் கருங்களிகளை ஒன்றுசேர்த்துக் குருமுசோல் என்று பெயரிட்டார்கள். இலங்கை மண்ணைப் பற்றி அதற்கு முன்பே விவசாயத் திணைக்களத்தின் ஜோகிம் ஆராய்ந்து எழுதியிருந்தார். ஆனாலும் முழுநாட்டுக்குமான நவீன வகைப்பாடு 1961இல்தான் வந்தது. மூர்மானும் பனபொக்கவும் 'ட்ரொப்பிக்கல் அக்ரிகல்ச்சரிஸ்ட்' ஏட்டில் அதை வெளியிட்டார்கள். முருங்கன் மண் அதில் குருமுசோல் ஆனது.

அமெரிக்க வகைப்பாடு பின்னர் இவற்றை வெர்டிசோல் என்ற தனி வரிசையில் வைத்தது. இந்த இடம்தான் எனக்குப் பிடித்தமானது. அங்கே நிறம் முதல் நிபந்தனையே அல்ல. மேற்பரப்பிலிருந்து 50 சென்ரிமீற்றர் ஆழம்வரை நூற்றுக்கு 30 பங்காவது களி இருக்க வேண்டும். மினுங்கும் வழுக்கு முகமோ ஆப்புக் கட்டியோ ஒரு மீற்றர் ஆழத்துக்குள் தொடங்க வேண்டும். வெடிப்பு திறந்து மூட வேண்டும். உட்பிரிவுகளுக்கோ வெடிப்பின் நாட்கணக்குத்தான் பெரும்பாலும் அளவுகோல். வழமையான ஆண்டில் மொத்தமாக 90 நாளோ அதற்கு மேலோ வெடிப்பு திறந்திருந்தால் அஸ்டேட். முருங்கன் மண் இதில்தான் வருகிறது. அதற்குக் குறைந்தால் யூடேட். டெக்சாஸின் கறுப்புப் புல்வெளிகளும், சூடானின் கெசீராப் பருத்தி நிலமும், அவுஸ்திரேலியாவின் டார்லிங் டவுன்ஸும் வெர்டிசோலுக்குப் பேர்போனவை. ஒரு மண்ணை அதன் நடத்தையை வைத்து, அதுவும் எத்தனை நாள் என்று எண்ணி வகுப்பது ஓர் உழவர் பார்க்கும் பார்வை. ஆய்வுகூடம் அந்த இடத்துக்கு வந்து சேர நீண்ட காலம் எடுத்தது.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணாம்புக்கல் அங்கேயே கிடைத்தது. களி முருங்கனிலிருந்து போனது. அதே களியின்மேல் சாதாரண அத்திவாரம் போட்டு வீடு கட்டினால் சுவர் மூலைவிட்டமாக வெடிக்கும். மழையில் நிலம் வீட்டைத் தூக்கும், கோடையில் கைவிடும். விளிம்பில் ஒரு மாதிரி, நடுவில் ஒரு மாதிரி. இந்தியாவில் ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் இதற்கென்றே அடி விரிந்த குத்துத்தூண் முறையை உருவாக்கியது. பருவத்துக்குப் பருவம் அசையும் மேல்மண்ணைத் தாண்டி, ஈரம் மாறாத ஆழத்தில் தூண் கால் ஊன்றிக்கொள்ளும். மாவட்டம் முழுவதற்கும் ஒரே அத்திவார வரைபடத்தை நீட்டும் வீட்டுத் திட்டம் எதுவானாலும் இங்கே குடியிருப்பவர் தலையில்தான் அதன் செலவு விழும். மன்னார்த் தீவின் மணலுக்குப் பொருந்துவது முருங்கனுக்குப் பொருந்தாது.

நெல்லுக்கோ இது அருமையான நிலம். ஒருமுறை நனைந்து வெடிப்பு மூடிவிட்டால் தண்ணீர் கீழே இறங்குவது ஏறக்குறைய நின்றுவிடும். செங்கபில மண் வயலைவிடக் குறைந்த தண்ணீரில் இங்கே வயல் நிற்கும். சிக்கல் எல்லாம் தொடக்கத்தில்தான். காய்ந்தால் உழவு இயந்திரத்தின் கொழு கட்டியைப் பெயர்க்கிறது. நனைந்தால் சில்லு புதைகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள பதம் சில நாளே நிற்கும். அதனால்தான் முதல் மழையை எதிர்பார்த்துப் புழுதி விதைப்புச் செய்கிறவர்கள் வானத்தையும் மண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய இழப்பு முதல் தண்ணீரில் நடக்கிறது. தேக்கம் அணையில் அருவி ஆறு திரும்பி, கட்டுக்கரைக்குளத்தில் நிறைந்து, வாய்க்காலில் வரும் தண்ணீர் வெடித்த வயலில் விழுந்ததும் மேல்மண்ணை நனைக்காமல் வெடிப்பு வழியே நேரே அடிக்கு ஓடுகிறது. வயல் நிறைவதற்கு முன்பே வரம்புக்குக் கீழால் அடுத்த பக்கம் கசிகிறது. கடைக்கோடி வயற்காரர் காத்திருப்பதற்கு வாய்க்கால் மட்டும் காரணமல்ல. பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பரிசோதனைகளில், அறுவடைக்குப் பின் மேலாக ஓர் உழவு போட்ட வயல்களில் இந்த இழப்பு குறைந்தது. உழுத கட்டிகள் வெடிப்பின் வாயை அடைத்து, தண்ணீரை மேலேயே பரவ வைக்கின்றன.

சிறுபோகம் இல்லாத வயல் மாசி அறுவடையிலிருந்து ஐப்பசி மழைவரை வெடித்துக் கிடக்கிறது. அந்த மேலுழவைப் போட வேண்டிய நேரம், வைக்கோல் எடுத்த கையோடு அடியில் கொஞ்சம் ஈரம் மிஞ்சியிருக்கும் அந்தச் சில நாட்கள்தான். ஆனால் அறுவடை முடிந்த கையோடு எண்ணெய்க்கும் உழவுக் கூலிக்கும் பணம் போட எந்தக் கமக்காரருக்கும் மனம் வராது. அவர் உழுவதால் மிஞ்சும் தண்ணீர் கடைக்கோடி வயலுக்குப் போகிறது. ஆகவே செலவையும் அவர் தலையில் மட்டும் கட்ட முடியாது. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் குளம் திறக்கும் திகதியைக் குறிக்கிறார்கள். அதே கூட்டத்தில் அறுவடைக்குப் பிந்திய மேலுழவுக்கும் ஒரு திகதி குறித்து, எண்ணெய்ச் செலவில் ஒரு பங்கைப் பொதுவில் போட்டால் என்ன? முருங்கன், நானாட்டான் கமக்கார அமைப்புகளிடம் இந்தக் கேள்வியை விட்டு வைக்கிறேன்.

(அடுத்த வாரம்: யாழ்ப்பாணச் செம்மண்)