வாயில் ஒதுக்கும் புகையிலையை விட்டொழிக்க

புகை விட்டால்தான் கெடுதல், ஹான்ஸ், கூல் லிப் போன்ற புகையிலையை வாயில் ஒதுக்கினால் ஒன்றும் ஆகாது என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது தவறு. வாய், உணவுக்குழாய், கணையப் புற்றுநோய்களை இந்தப் புகையிலை வரவழைக்கிறது. பாக்கும் சேர்ந்தால் கன்னத்தின் உட்புறம் இறுகி, வாயைத் திறப்பதே சிரமமாகிவிடும். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல் என எது இருந்தாலும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

காட்டப் பலருக்குப் பயம். தமிழ்நாட்டில் 2013 முதல் குட்கா, புகையிலை கலந்த பான் மசாலாவுக்குத் தடை இருப்பதால், ஒளிவுமறைவாக வாங்கிப் போடுகிறவர் தன்னையே குற்றவாளியாக நினைத்துக்கொள்கிறார். தயாரிப்பது, பதுக்குவது, கடத்துவது, விற்பது ஆகியவற்றுக்குத்தான் அந்தத் தடை. மருத்துவரிடம் உள்ளதைச் சொல்வதால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள். பதினெட்டு வயது நிரம்பாதவருக்கும், கல்வி நிலையங்களிலிருந்து நூறு கெஜத்துக்குள்ளும் எந்தப் புகையிலைப் பொருளையும் விற்கக் கூடாது என்கிறது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். பள்ளிக்கூட வாசலில் விற்பதைப் பார்த்தால் பெற்றோர் தாராளமாகப் புகார் கொடுக்கலாம்.

விடுவது கடினம்தான். சுண்ணாம்பு சேர்ந்த நிகோட்டின் கன்னத்தின் வழியே வேகமாக ரத்தத்தில் ஏறும். உடம்பு அதற்குப் பழகிப்போகும். விட்ட முதல் வாரத்தில் எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி, வேலையில் மனம் ஒட்டாமை எல்லாம் வரும். சில வாரங்களில் தணியும். போட வேண்டும் என்ற வேகம் ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே நீடிக்கும். தண்ணீர் குடித்து, கிராம்போ சோம்போ மென்று, அந்த நேரத்தைக் கடத்திவிடலாம்.

தாங்க முடியாதவர்களுக்கு நிகோட்டின் சூயிங்கம் மருந்துக்கடையில் கிடைக்கிறது. அதை மிட்டாய்போல் மென்றுகொண்டே இருக்கக் கூடாது. மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். காபி குடித்தால் கால் மணி நேரம் கழித்தே போட வேண்டும். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். மறுபடி தொட்டுவிட்டவரை ஏசாதீர்கள். பலருக்கும் சில முயற்சிகளுக்குப் பிறகே இது விட்டுப்போகிறது. அவரோடு உட்கார்ந்து, புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற எண்ணை அழையுங்கள். கட்டணம் கிடையாது. தமிழிலும் பேசலாம்.